மணியம் அண்ணனும் நாற்காலியில் ஏறிய கேபினட்டும்

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் அன்று காலை அப்போதுதான் விளக்குகளைப் போட்டுவிட்டு முன்மேசையில் உட்கார்ந்தேன். கணேசன் அழைத்தார். எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். காலை நேரத்தில் யாரையும் அழைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

“அக்கா, மணியம் அண்ணே போயிட்டாருக்கா. ஷிப்ட் முடிஞ்சு வந்து தேத்தண்ணி கேட்டிருக்காரு. அண்ணி கலக்கிக் கொண்டாறதுக்குள்ள சோபாவுலேயே சாஞ்சிட்டாராம்.”

கைப்பேசியை வலது காதிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தேன். பல்வலியோடு வந்த ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெயரைக்கூடப் பதியாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அவரிடம் சொல்ல வேண்டிய பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், அடுத்த நிகழ்ச்சியில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். அதற்குள் இந்த மனிதருக்கு என்ன அவசரம்?

கிள்ளான் வட்டாரத்துக் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் எங்கள் குழுவைக் கேட்டவர்களுக்கு மணியம் அண்ணன் யார் என்று சொல்லத் தேவையில்லை. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வாரம் முழுக்க போர்ட் கிள்ளானில் கொள்கலன் தூக்கும் கிரேன் ஓட்டினார். வாரக் கடைசியில் எங்களுக்குக் கிட்டார் வாசித்தார். நான் சாந்தி, அந்தக் குழுவின் பாடகி.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் கீழ் அவரைப் பற்றித்தான் பேச்சு. எல்லாரும் நல்லதாகத்தான் சொன்னார்கள். ஆனால் சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்கு வந்தார்கள். “அருமையான வாசிப்பு லா. ஆனா அந்தப் பெரிய கேபினட்ட விட்டதுக்கப்புறம் பழைய மணியம் இல்ல.” தூக்குவதற்குச் சோம்பல் வந்துவிட்டது என்றார் ஒருவர். வயசானா எல்லாரும் சுலபமானதைத்தான் தேடுவார்கள் என்றார் இன்னொருவர். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர்கள் நினைத்தது தப்பு. நீங்களும் அப்படி நினைத்திருந்தால் அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கேபினட் பெரிய ஸ்பீக்கர் இரண்டு அடங்கிய கனமான மரப்பெட்டி. அண்ணி, அதாவது அவர் மனைவி லெட்சுமி, அதற்கு ரெக்சினில் உறை தைத்துக் கொடுத்திருந்தார். வேனில் முதலில் அது ஏறும். மிச்சம் இருக்கிற இடத்தில் பாடகியும் டிரம்ஸும் ஒண்டிக்கொள்ள வேண்டும். யாராவது ஒரு கையால் அதை இழுத்தால் போதும், அண்ணனுக்கு முகம் சிவந்துவிடும்.

கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில் சவுண்ட் பார்க்க வந்தவர் அவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். “Boss, கேபினட்லாம் எதுக்கு? ஒரு சின்ன ப்ராசஸர் வாங்கி டைரக்டா எனக்குக் குடுங்க. எல்லாம் மெயின் ஸ்பீக்கர்ல அழகா வந்துரும்.”

“மெயின்ல ஜனங்களுக்கு வரும். எனக்கு?” என்றார் அண்ணன்.

“உங்களுக்கு முன்னால தரையில ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கறேன் boss.”

“மானிட்டர்ல சத்தம் வரும். காத்து வருமா? நோட்டு அடிச்சா பேன்ட்டு ஆடணும் boss.”

அந்த ஆள் சிரித்துக்கொண்டே கேபினட்டுக்கு முன்னால் மைக்கை வைத்துவிட்டுப் போனார். பேன்ட்டு ஆடுவது பற்றி நாங்கள் அண்ணனை எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறோம். கணேசன் ஒரு முறை அவருக்குப் பிறந்தநாள் பரிசாக அகலமான பேன்ட் ஒன்றே வாங்கிக் கொடுத்தார்.

கேபினட் நாற்காலியில் ஏறியது சாலாக் செலாத்தானில் ஒரு கோயில் திருவிழாவில். மாலையில் பெய்த மழையில் மேடை என்று போட்டிருந்த பலகையெல்லாம் ஊறி, கீழே செம்மண் குழம்பாகிவிட்டது. கேபினட்டைத் தரையில் வைக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. பந்தியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, அதன்மேல் தூக்கி வைத்தார். அது நாற்காலியின் முதுகில் சாய்ந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மாதிரி சற்று மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. எனக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால்.

அன்று முதல் பாட்டிலேயே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுவரை மேடையில் சுருதியைத் தேடிப் பிடித்துத்தான் பாடுவேன். அன்றைக்குக் கிட்டாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக வந்து விழுந்தது. பாட்டு முடிந்ததும் திரும்பிச் சொன்னேன். “அண்ணே, இனிமே இப்படியே நாற்காலியில வைங்க. இப்பதான் எனக்கு நல்லா கேக்குது.”

“மேடம் சொன்னா சரி” என்றார். அதற்குப் பிறகு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், எந்த மண்டபமாக இருந்தாலும், போய் இறங்கியதும் அண்ணன் முதலில் கேட்பது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிதான். அது எங்கள் குழுவின் வழக்கமாகவே ஆகிவிட்டது. மற்றக் குழுக்காரர்கள் பார்த்துவிட்டு, ஏதோ ரகசியம் இருக்கிறது என்று அவர்களும் நாற்காலி தேட ஆரம்பித்தார்கள்.

ரகசியம் ஒன்றும் இல்லை. கிட்டார் கேபினட்டின் ஒலி அறை முழுக்க ஒரே மாதிரி பரவாது. டார்ச் விளக்கின் வெளிச்சம் போல நேராகப் போகும். அந்தக் கோட்டில் நிற்பவருக்கு அதன் கூர்மை முழுவதும் கிடைக்கும். பக்கவாட்டில் நிற்பவருக்கு மந்தமாகத்தான் கேட்கும். அண்ணன் பக்கவாட்டில் நின்றார். மந்தமாக இருக்கிறதே என்று சத்தத்தைக் கூட்டினார். நாற்காலியில் சாய்ந்ததால் என் காதுக்கு நேரே ஏறிய அந்தக் கோட்டில் நான் நின்றேன். என் இடது காதும் நின்றது.

எப்போது தொடங்கியது என்று எனக்கே சரியாகத் தெரியாது. கல்யாணத்தில் பாடிவிட்டு வந்தால் மறுநாள் இடது காதில் ஒரு மெல்லிய ‘ஈ’ என்ற ஒலி இருக்கும். சாயங்காலத்துக்குள் போய்விடும். பிறகு அது போவதை நிறுத்திவிட்டது. அதன் பின்னால் இருந்த சத்தங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. காது மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, “சத்தத்தால இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது. ஆனா இனிமே சத்தத்துல நிக்காதீங்க” என்றார். பாடகியிடம் சொல்கிற பேச்சா அது?

வீட்டில் மட்டும் சொன்னேன். குழுவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்த வட்டாரத்தில் பாடகிகளுக்குப் பஞ்சமா என்ன? சாந்திக்குக் காது கேட்கவில்லையாம் என்று ஒரு வாரம் பேச்சு ஓடினால் போதும், அடுத்த முகூர்த்தத்துக்கு வேறொருத்தி மைக்கைப் பிடித்திருப்பாள். பாட்டு எனக்கு இரண்டாவது வேலை இல்லை. அதுதான் நான். பல் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவள் அந்தப் பாடகியின் சாப்பாட்டுக்காக உழைக்கிறவள், அவ்வளவுதான். அதனால் பயந்தேன். பயந்து மறைத்தேன்.

மணியம் அண்ணன் கண்டுபிடித்தது பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஒத்திகைக்கு எடுத்திருந்த மாடியறையில். நான் பாட்டு வரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடப்பக்கத்திலிருந்து அவர் கூப்பிட்டிருக்கிறார். மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். எதிரில் இருந்த கணேசனின் பார்வை போன திசையை வைத்துத்தான் நான் திரும்பினேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து நின்று, “நாளைக்கு வேன் எத்தன மணிக்கு மா?” என்று கேட்டார். அது அவருக்கே தெரியும். வேன் அவருடையது. நான் பதில் சொன்னேன். இருவரும் அதோடு விட்டுவிட்டோம்.

அடுத்து வந்த ஒரு நிகழ்ச்சிக்கு அண்ணன் கேபினட் இல்லாமல் வந்து இறங்கினார். கையில் ஒரு ப்ராசஸர், கிட்டாரின் ஒலியை மாற்றித் தரும் சின்னப் பெட்டி. தோளில் ஒரு சின்ன ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர், மேடையில் பாடகர்களுக்கு முன்னால் படுத்துக் கிடக்குமே, அந்த மாதிரி. கேபினட்டை ராஜா என்றுதான் சொல்வார் கணேசன். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். “அண்ணே, ராஜா எங்க?”

“இடுப்பு வலி லா. இனிமே தூக்க முடியாது.”

அந்த முதல் நாள் நடந்தது எங்கள் குழுவின் சரித்திரத்தில் இருக்கிறது. அந்த வகை ஸ்பீக்கர் கொடுத்ததை மாற்றாமல் வெளியே விடும். கிட்டார் கேபினட்டின் குணத்தை ப்ராசஸரே சேர்த்து அனுப்ப வேண்டும். கேபினட் வைத்துப் பழகிய நம் ஆள் ப்ராசஸரில் அந்தப் பகுதியை அணைத்து வைத்திருக்கிறார். மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நுழைகிறார்கள், அண்ணன் முதல் நோட்டை வாசிக்கிறார், தகர டின்னுக்குள் வண்டுகளை அடைத்தது போல ஓர் இரைச்சல். பெண்ணின் மாமா மேடைக்கு ஓடி வந்தார். “அங்கிள், வயர் ஏதும் ஷார்ட் ஆயிருச்சா?” அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மீதிப் பாட்டைக் கீபோர்டை வைத்துச் சமாளித்தோம்.

வேனில் ஏறியதும் எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய கேபினட்டையே கொண்டு வாருங்கள், தூக்குவதற்கு நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். கணேசன் தோளைத் தட்டிக் காட்டினார். நானும்கூடச் சொன்னேன், அந்தச் சத்தம் இல்லாமல் மேடை வெறிச்சென்று இருக்கிறது என்று. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “பழகிரும் மா” என்றார்.

பழகிக்கொண்டார். விடுமுறை நாளெல்லாம் அந்த ப்ராசஸரோடு மல்லுக்கட்டினார். புது ஸ்பீக்கரைத் தரையில் வைத்து, தன் முகத்துக்கு மட்டும் படுமாறு சாய்த்துக்கொண்டார். எனக்கு வேண்டிய அளவு கிட்டாரை என் மானிட்டரில் கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு மண்டபத்திலும் சவுண்ட்காரரிடம் சண்டை போட்டார். மேடையில் இடமும் மாறினார். என் வலப்பக்கம் காலங்காலமாகக் கீபோர்டின் இடம். அண்ணன் அங்கே வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றார். கீபோர்டுக்காரர் அவரோடு கொஞ்ச நாள் பேசவே இல்லை.

ஒரு நாள் ஒத்திகை இடைவேளையில் கேட்டேன். “ரெண்டுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்ணே?”

“இது உத்தமன் மா. குரலு, கீபோர்டு, கிட்டாரு, எதக் குடுத்தாலும் உள்ளது உள்ளபடி சொல்லிரும். என் கேபினட்டு அப்படி இல்ல. கூர்மையானத முழுங்கிரும், நடுவுல உள்ளத ஏத்திச் சொல்லும். கொஞ்சம் பொய் லா. ஆனா கிட்டாருக்கு அந்தப் பொய்தான் அழகு.”

“அப்புறம் எதுக்கு இத வச்சிக்கிட்டு?”

“அதான் சொன்னேனே, இடுப்பு.”

அந்த இடுப்போடுதான் கிள்ளானில் அவர் வழக்கமாகப் போகும் கோயிலில் அன்னதானத்தன்று அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார். நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். மூட்டையை இறக்கிவிட்டு அவசரமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வேறு நேரமாக இருந்தால் ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பேன். ஆனால் ஒரு வார்த்தை கேட்டால் அடுத்த வார்த்தை என் காதைப் பற்றித்தான் வரும் என்று எனக்குப் புரிந்தது. தலையைக் குனிந்து கத்திரிக்காயை நறுக்கினேன்.

அவர் அந்தக் கேபினட்டை மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். தீபாவளிச் சந்தையில் எங்களுக்கு முன்னால் வேறொரு குழு வாசித்தது. அவர்களுடைய கிட்டார்க்காரரிடம் பெரிய கேபினட் இருந்தது. அவர்கள் இறங்கியதும் அண்ணன் போய், அதன் முகத்துணியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னண்ணே, ஆசையா இருக்கா?”

“சும்மா லா. நல்ல துணி போட்டிருக்கான்.”

அன்று அவர் வாசித்தது சுத்தமாக இருந்தது. தப்பே இல்லை. ஆனால் முன்வரிசையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்பெல்லாம் பார்ப்பார்கள். மணியம் பழைய மணியம் இல்லை என்ற பேச்சு அவர் காதுக்கும் வந்திருக்கும். அவர் காது நன்றாகக் கேட்கும் காது.

இன்னொன்று. வேனில் போகும்போது ஒரு நாள் திடீரென்று, “மா, உன் நட்சத்திரம் என்ன?” என்று கேட்டார்.

“கேட்டை. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குண்ணே, இனிமே யாருக்குப் பொருத்தம் பாக்கப் போறீங்க?” என்றேன். வேனே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

கருமாதிக்கு முந்தின நாள் அண்ணிக்கு ஒத்தாசையாக இருக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அந்தக் கேபினட் இருந்தது. ரெக்சின் உறைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் அவர் படத்தையும் விளக்கையும் வைத்திருந்தார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே அண்ணியிடம் கேட்டேன். பேச்சுக்காகத்தான் கேட்டேன். “அண்ணே இடுப்பு வலிக்கு எங்க வைத்தியம் பாத்தாரு அண்ணி?”

அண்ணி கையை நிறுத்தினார். “இடுப்பு வலியா? யாருக்கு?”

பிறகு அவரே சொன்னார். “உனக்குத் தெரியும்னுதானே மா நெனச்சிருந்தேன். ‘அந்தப் பொண்ணு காத நான்தான் கெடுத்துட்டேன், லெட்சுமி. என் பெட்டிய அவ காதுல வச்சு அடிச்சிருக்கேன்’னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் பேருக்கு அர்ச்சனை பண்ணாம வரமாட்டாரு. உன் நட்சத்திரம் எனக்கே மனப்பாடம்.”

கண் எரிந்ததற்கு வெங்காயத்தைச் சாக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். அழுதேன். அழுதுகொண்டே, அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை அண்ணியிடம் சொன்னேன். “அண்ணி, கேபினட்ட நாற்காலியில வைக்கச் சொன்னதே நான்தான். எனக்கு அது புடிச்சிருந்துச்சு. டாக்டரும் சத்தத்தாலதான்னு உறுதியா சொல்லல.”

அண்ணி எழுந்து போய் விளக்கைத் தூண்டிவிட்டு வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. “இத அவருகிட்ட சொல்லியிருக்கலாம் லா மா. மனுஷன் நிம்மதியா தூங்கியிருப்பாரு.”

பிறகு வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். நானும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். “சாந்தி, கேட்டை நட்சத்திரம்” என்றேன். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கதானா அது? காது இப்ப எப்படிம்மா இருக்கு?”

நான் மறைத்து வைத்திருந்தது அண்ணன் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது, கோயிலுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் இடையில் மட்டும்தான் அது பேசப்படாமல் இருந்திருக்கிறது. என் மேடை போய்விடுமே என்று நான் பேசவில்லை. பாவம், நான் மனம் உடைந்துவிடுவேனே என்று அவர் பேசவில்லை. இதில் யாருக்கு என்ன மிச்சம்? நான் என் பயத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அவர் செய்யாத குற்றத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் மாடியறையில் ஒத்திகை. அண்ணன் இடத்துக்குப் பிரான்சிஸ் என்பவர் வந்திருக்கிறார். எங்கள் வயதுக்காரர், நல்ல கை. “கேபினட் கொண்டாறதா, சின்ன ஸ்பீக்கர் போதுமா?” என்று பணிவாகக் கேட்டார். கணேசனும் மற்றவர்களும் கேபினட் என்று ஒரே குரலில் சொன்னார்கள். மேடை மறுபடியும் நிறையும் என்ற ஆசை அவர்கள் முகத்தில் தெரிந்தது. பிரான்சிஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டு என் இடப்பக்கம் போய் நின்றார்.

“பிரான்சிஸ், எத வேணும்னாலும் கொண்டு வாங்க. ஆனா தரையில வைங்க, என் பக்கம் திருப்பாதீங்க” என்றேன். “அப்புறம், வலது பக்கம் வந்து நில்லுங்க. இடது காது எனக்குக் கேக்காது. மணியம் அண்ணே கேபினட்ட விட்டது அதுக்காகத்தான். அவருக்கு இடுப்பு வலியே கெடையாது.”

கணேசன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். நாளைக்கு எனக்கு மேடை இருக்குமா, இருக்காதா என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. கீபோர்டுக்காரர்தான் முதலில் எழுந்தார். என் வலப்பக்கத்தில் கிடந்த தன்னுடைய வயர்களைச் சுருட்டி எடுத்து, அந்த இடத்தைப் பிரான்சிஸுக்கு விட்டுக்கொடுத்தார்.

அண்ணனுடைய கேபினட் அண்ணியிடமே இருக்கட்டும். கிட்டாரும் அங்கேயே இருக்கட்டும். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த வலப்பக்கம்தான். அங்கே யார் வந்து நின்றாலும், முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு முறை அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லிக்கொள்கிறேன்: அண்ணே, நாற்காலி கேட்டது நான்.